தொப்பையும் ஒரு ஃப்ரீ கிக்கும்

எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டுக் கம்பெனி நடந்த காலத்தில் சேர்ந்தவர். லிஃப்ட், ஏ.சி., கான்ஃபரன்ஸ் ஹால் எல்லாம் வரும்போது மனுஷர் அங்கே இருக்கமாட்டார். ஜெர்மன் ஃபுட்பாலில் அவர் பெயர் டோர்ஸ்டன் மட்டுஷ்கா.

மிட்ஃபீல்டர். 1980ல் கோட்புஸ் நகரில் பிறந்தவர். ஓட்டம் சுமார். தொப்பை உண்டு; அதை வைத்து அவரே ஜோக் அடிப்பார். ஆனால் பந்தைத் தரையில் வைத்து அடிக்கச் சொன்னால் அது போகவேண்டிய இடத்துக்குப் போகும். ரசிகர்கள் அவரை 'டுஷே' என்பார்கள். பெயரில் பாதியை வெட்டியெடுத்த செல்லப்பெயர். ஜெர்மனில் அதற்கு மை என்று அர்த்தம்.

சொந்த ஊர் கிளப்பான எனர்ஜி கோட்புஸில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2005ல் கிழக்கு பெர்லினின் யூனியன் கிளப்புக்கு வந்தார். வந்த நேரம் பாருங்கள்! அடுத்தடுத்து இரண்டு வருஷம் சறுக்கி, யூனியன் நாலாவது டிவிஷனில் கிடந்தது. கையில் காசு கிடையாது. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 2008ல் ரசிகர்களே இறங்கினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல், சுமார் 1,40,000 மணி நேரம், சம்பளமில்லாத வேலை. (ஓவர்டைம் கேட்டிருந்தால் கிளப் திவால்!)

மைதானத்தில் டுஷே தன் வேலையைப் பார்த்தார். 2006ல் மூன்றாவது டிவிஷன். 2009ல் சாம்பியனாகி இரண்டாவது.

அப்புறம் அந்த நாள். 2011 பிப்ரவரி 5. எதிரே மேற்கு பெர்லினின் பணக்கார கிளப் ஹெர்தா. அதற்கு முந்தின வருஷம்தான் முதல் டிவிஷனிலிருந்து விழுந்திருந்தது. இடம் ஒலிம்பிக் ஸ்டேடியம். 74,000 பேருக்கு மேல் கூட்டம். ஸ்கோர் 1-1. எழுபத்தோராவது நிமிஷம் யூனியனுக்கு ஃப்ரீ கிக். டுஷே அடித்தார். நேர்மையாகச் சொன்னால் அபார ஷாட் ஒன்றும் இல்லை; கோல்கீப்பர் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. 2-1! சுவர் இருந்த ஊரில், கிழக்குப் பக்கத்து ஏழை மேற்குப் பக்கத்து மைதானத்திலேயே போய் ஜெயித்தான். இன்றைக்கும் யூனியன்காரனிடம் அந்த கோலைப் பற்றிக் கேட்டால், நீங்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

யூனியனுக்கு கேப்டனாகவும் இருந்தார். 2014ல் புது கோச் வந்தார். கேப்டன் பதவி வேறொருவருக்குப் போனது. ஒன்பது வருஷம் ஆடிய மனிதர், 33 வயதில், மூன்றாவது டிவிஷனிலிருந்த கோட்புஸுக்கே திரும்பினார். 2016ல் அதுவும் முடிந்து, பெர்லினின் ஒரு மூலையிலிருக்கும் ஆல்ட்க்ளீனிக்கே என்ற சின்ன கிளப்புக்கு ஆடப் போனார். அது அப்போது ஐந்தாவது டிவிஷன்!

பார்ட்னர் விலகும்போது குட்வில்லில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பி.காம்.மில் படித்தேன். ஃபுட்பாலில் அந்தப் பாடம் கிடையாது போலிருக்கிறது. 2019 மே மாதம் யூனியன் முதல்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. 2023 செப்டம்பரில் மாட்ரிட் போய், ரியால் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் மேட்ச்! கடைசி நிமிஷம் வரை தாக்குப் பிடித்து 1-0 என்று தோற்றார்கள்.

டுஷே அதற்குள் டி.வி.க்கு வந்துவிட்டார். மைக் பிடித்து மேட்ச் அலசுவது அவர் வேலை. எந்த டிவிஷன் என்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டாவது.