பாய்மரப் படகுக்கும் சைலன்ஸர் உண்டு... அதில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?

பைக் சைலன்ஸரில் ஓட்டை விழுந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார், நாமும் ஒரு வெல்டிங் வைத்துச் சமாளித்துவிடுவோம். பாய்மரப் படகில் விஷயம் வேறு. அங்கே ஓட்டை விழுந்தால் சத்தம் பெரிதாக மாறாது. படகின் அடியில் கடல் தண்ணீர் சேரும். அல்லது, தூங்குகிறவர்களின் அறைக்குள் விஷவாயு நுழையும்.

'பாய்மரப் படகுக்கு எதற்கு இன்ஜின்?' என்று கேட்கலாம். காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் அப்படியே நிற்க முடியாதே! நெரிசலான துறைமுகத்துக்குள் நுழையவும் பாயை நம்ப முடியாது. அதற்காகவே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆஷ்கோஷ் நகரில் இருந்த யுனிவர்சல் மோட்டார் நிறுவனம் 1947-ல் 'அட்டாமிக் 4' என்ற பெட்ரோல் இன்ஜினைக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன். 1980-களின் நடுப்பகுதி வரை 40,000-க்கும் மேல் தயாரானது. அந்தக் கால அமெரிக்கப் பாய்மரப் படகுகள் பலவற்றில் இருப்பது இதுதான். தாத்தா வயது இன்ஜின்கள் பல இன்றும் நன்றாக ஓடுகின்றன. அவற்றின் சைலன்ஸர்களுக்குத்தான் அவ்வளவு ஆயுசு இல்லை.

காரணம், இது தண்ணீர் குடிக்கும் சைலன்ஸர். இன்ஜினிலிருந்து வரும் புகை பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். மரமும் ஃபைபரும் நிறைந்த படகுக்குள் அவ்வளவு சூடான குழாயைக் கொண்டுபோக முடியாது. அதனால், இன்ஜினைக் குளிர்வித்த கடல் தண்ணீரையே புகைக்குழாயில் கலந்துவிடுகிறார்கள். சூடு சட்டென்று தணிகிறது. அதற்குப் பிறகு ரப்பர் ஹோஸே போதும்.

அந்தத் தண்ணீரும் புகையும் தாழ்வான ஓரிடத்தில் உள்ள பெட்டிக்குள் விழும். அதுதான் சைலன்ஸர். வெளியே போகும் குழாயின் வாய், பெட்டியின் அடிவரை இறங்கியிருக்கும். ஸ்ட்ரா போட்ட ஜூஸ் பாக்கெட்டை அமுக்கினால் ஜூஸ் மேலே பீய்ச்சுமே, அதே கதைதான். இங்கே அமுக்குவது புகையின் அழுத்தம். தண்ணீர் மேலேறி, படகின் பின்பக்கத்தில் 'குபுக் குபுக்' என்று வெளியே துப்பும்.

சூடு, உப்பு, புகையில் உள்ள அமிலம் மூன்றும் சேர்ந்து அந்தப் பெட்டியை உள்ளிருந்தே அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடத் தப்பாது. முதலில் போவது வெல்டிங் தையல்கள். வெளியே ஒரு துருக்கோடு, ஹோஸ் முனையில் கரிப்படலம், காரணம் தெரியாமல் படகடியில் சேரும் தண்ணீர், கேபினில் புகைவாடை... இதில் எது தெரிந்தாலும் டார்ச் எடுத்துக்கொண்டு குனிய வேண்டியதுதான்.

ஒட்டுப் போடலாமா?

கரைக்கு வந்து சேரும்வரை எபாக்ஸி பூசி ஓட்டலாம். அதற்கு மேல் நம்பக் கூடாது. ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த தகடு மற்ற இடங்களிலும் மெலிந்துதான் இருக்கும். வெல்டிங் செய்பவரே சூடு வைத்துப் பெரிதாக்கிவிடவும் வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால், மாற்றிவிடுவதே செலவு குறைந்த வழி.

இப்போது ஃபைபர்கிளாஸிலும் பிளாஸ்டிக்கிலும் பெட்டிகள் வருகின்றன. துரு என்ற பேச்சே இல்லை. ஆனால், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் உடைந்து குளிர்நீர் நின்றுபோனால், பிளாஸ்டிக் சில நிமிடங்களிலேயே இளகிவிடும். ஹோஸில் பொருத்தும் சூட்டு அலாரம் இதற்குக் கைகொடுக்கும்.

வாங்குவதற்கு முன் குழாய்களின் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். சின்னக் குழாய் போட்டால் புகை திணறும், இன்ஜின் சக்தி குறையும். பெட்டியின் கொள்ளளவும் முக்கியம். இன்ஜினை நிறுத்தியதும் மேலே ஹோஸில் உள்ள தண்ணீர் முழுவதும் திரும்பிப் பெட்டிக்குள்தான் விழும். அதைத் தாங்க இடம் வேண்டும்.

பழைய ஹோஸை இழுத்து மல்லுக்கட்டாமல் நீளவாக்கில் கத்தியால் கீறிக் கழற்றுங்கள். எப்படியும் அதையும் மாற்றத்தான் வேண்டும். கார் ஹோஸ் வேண்டாம், படகுப் புகைக்கென்றே உள்ள கம்பி வைத்த ஹோஸ்தான் போட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினால் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். அட்டாமிக் 4-ல் தண்ணீர் கலப்பதற்கு முன்னால் உள்ள சூடான குழாயைச் சுற்றிய பழைய உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை மட்டும் வெறும் கையால் பிய்க்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினும் ஆபத்துதான்

இன்ஜின் பிடிக்கவில்லை என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீரை வெளியேற்றப் புகை அழுத்தம் இருக்காது. பெட்டி நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் இணைப்புத் தண்டே வளையலாம். எனவே, நீண்ட நேரம் முயற்சி செய்யும்போது கடல்நீர் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் பிடித்த உடனே திறக்க வேண்டும். தண்ணீர் போய்விட்டது தெரிந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றவைத்து வெளியேற்றி, ஆயிலை மாற்ற வேண்டும். அதை அன்றைக்கே செய்ய வேண்டும். இரண்டு நாள் விட்டால் துரு வேலையைக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடுக்குத்தான். டீசலைவிடப் பெட்ரோல் இன்ஜின் இதை மிக அதிகமாகக் கக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகப் பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஆரம்பிப்பதால், படகில் இருப்பவர்கள் 'கடல் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்துக் கேபினுக்குள் போய்ப் படுத்துவிடுவார்கள். விஷவாயு நிறைந்திருப்பதும் அங்கேதான். இன்ஜின் ஓடும்போது யாருக்காவது தலைவலி வந்தால், முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு அவரைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். கேபினில் ஒரு அலாரமும் கட்டாயம் வேண்டும். நல்ல சைலன்ஸர் இருந்தாலும், பின்காற்று வீசினால் புகை படகுக்குள்ளேயே சுழன்று வரும்.

புதுப் பெட்டி பொருத்தியதும் இன்ஜினை ஓடவிட்டு, பின்பக்கம் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். பிறகு ரப்பர் ஹோஸை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அர்த்தம்.