பற்றுக்கோல் வாங்குமுன்



மின்னணுவியலைப் பொழுதுபோக்காகப் பயிலத் தொடங்கும் எவரும் முதலில் வாங்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. கடையில் 'சால்டரிங் அயர்ன்' என்று கேட்டால்தான் அதனை எடுத்துத் தருவார்கள். இப்பேச்சில் நான் அதனைப் பற்றுக்கோல் என்றும், அது உருக்கும் உலோகக் கம்பியைப் பற்றாசு என்றும் குறிப்பிடுவேன். பற்றாசு நான் புனைந்த சொல் அன்று. நம் பொற்கொல்லரின் பழஞ்சொல். வெண்பா இலக்கணம் படித்தோர் இதனை வேறோர் இடத்தில் சந்தித்திருப்பர். இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, ஓசை நிரம்பாத இடத்தில் ஓரசையோ ஈரசையோ சேர்ப்பதுண்டு. அதற்கு 'ஆசு' என்றே யாப்பிலக்கணத்தார் பெயரிட்டனர். பொன்னோடு பொன்னை இணைக்கும் ஆசு போல அது அடியோடு சொல்லை இணைக்கிறது என்பது அவர்கள் கருத்து. நாம் இன்று பேசப்போவது அதே ஆசினைத்தான். வெண்பாவுக்கு இடுவது அன்று, டிரான்சிஸ்டருக்கு இடுவது.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை வாட் வாங்கலாம்?" என்பது. அடுத்த கேள்வி, "எது மலிவு?" என்பது. இரண்டும் நியாயமானவையே. ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "முனையை வேலையின்மீது வைத்த பிறகு அது குளிர்ந்துவிடாமல் நிற்குமா?" இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வாட்டும் விலையும் தாமே தெளிவாகிவிடும்.

முதலில் பற்றாசைப் பார்ப்போம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். ஆனால் வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தால், அக்கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! இரண்டும் தனித்தனியே உருகும் வெப்பநிலைகளைவிடக் குறைந்த வெப்பநிலையில் அவற்றின் கலவை உருகுவது வியப்பானது அன்றோ? அதுவும் குழைநிலை ஏதுமின்றி, 183 டிகிரியில் திடமாக இருந்தது அப்படியே நீராகிவிடும். கை பழகாதவர்க்கு இது பெருந்துணை. 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன் விளைவாகத் தொழிற்சாலைகள் பெரிதும் காரீயமில்லாப் பற்றாசுக்கு மாறின. வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவை சேர்ந்த அக்கலவை உருகுவதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும்.

183 டிகிரியில் உருகும் பொருளுக்கு முனை 320 முதல் 350 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும் என்கிறோமே, ஏன்? சூடேற வேண்டியது பற்றாசு மட்டும் அன்று. உறுப்பின் காலும், பலகையின் செப்புப் பொட்டும் அந்த வெப்பத்தை அடைந்தால்தான் பற்றாசு அவற்றின்மீது பரவிப் பிடிக்கும். முனையிலிருந்து வெப்பம் அவற்றுக்கு விரைந்து பாய வேண்டும். இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடிய வேண்டும். மெல்லச் சூடாகும் முனையைப் பத்து நொடி, இருபது நொடி என்று அழுத்திக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? பலகையின்மீதுள்ள செப்புத் தகடு பெரும்பாலும் 0.035 மில்லிமீட்டர் கனமே உடையது. அதனைப் பலகையோடு பிடித்திருக்கும் பசை நெடுநேரச் சூட்டில் தளர்ந்து, பொட்டு உரிந்து வந்துவிடும். குறைந்த சூடு பலகைக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். நான் கண்ட பழுதான பலகைகளில் பெரும்பாலானவை சூடு போதாத கோலை நெடுநேரம் அழுத்தியதால் கெட்டவையே.

இதனை விளக்க நம் வீட்டுச் சமையலறையே போதும். கனத்த இரும்புத் தோசைக்கல்லும் மெல்லிய தகரத் தட்டும் ஒரே அடுப்பில் ஒரே அளவு சூடேறலாம். நீர் தெளித்தால் இரண்டும் 'சுர்' என்று ஒலிக்கும். ஆனால் மாவை ஊற்றிப் பாருங்கள். தட்டு அந்நொடியே குளிர்ந்துவிடும். மாவு வேகாமல் ஒட்டிக்கொள்ளும். கல்லோ தன்னுள் சேர்த்து வைத்த வெப்பத்தைத் தந்து தோசையை எடுத்துவிடும். பற்றுக்கோலின் முனையும் இத்தகையதே. வெறுமே இருக்கும்போது அது எத்தனை டிகிரி என்பது பெரிதன்று; மாவு விழுந்த பிறகு எத்தனை டிகிரி என்பதே கேள்வி.

இப்போது வாட்டுக்கு வருவோம். வாட் என்பது சூட்டின் அளவு அன்று. ஒரு நொடியில் எவ்வளவு வெப்பம் ஊட்டப்படுகிறது என்பதன் அளவு. கட்டுப்பாடு ஏதுமில்லாத எளிய கோலில், உள்ளே ஊறும் வெப்பமும் காற்றில் கரையும் வெப்பமும் சமமாகும் இடத்தில் சூடு நிற்கும். எனவே மெல்லிய 25 வாட் கோலும் தடித்த 60 வாட் கோலும் சும்மா இருக்கையில் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கக்கூடும். வேலையில் வைத்தபின்தான் வேற்றுமை தெரியும். சிறிய உறுப்புகளுக்கு 25 வாட் போதும். பலகையின் பெரிய செப்புப் பரப்போடு இணைந்த கால், தடித்த கம்பி, மின்கலப் பெட்டியின் தகடு ஆகியவற்றுக்கு அது திணறும். கட்டுப்பாடில்லாத 60 வாட் கோலோ, தாங்கியில் சும்மா கிடக்கும்போதே 400 டிகிரியைத் தாண்டி முனையைக் கருக்கிவிடலாம்.

சிறு கணக்கு ஒன்று போடுங்கள். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 230ஐ 230ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 2116 வரும். ஆகவே 25 வாட் என்று எழுதிய கோலின் செருகியில் உள்ள இரு மின்முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் ஏறத்தாழ 2100 ஓம் காட்ட வேண்டும். மின்சாரத்தில் செருகாமல் கடையிலேயே மல்ட்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். மேலுறையில் எதுவும் எழுதலாம். உள்ளிருக்கும் நிக்ரோம் கம்பி பொய் சொல்லாது. இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். மாலை வேளையில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர் உங்களுடையதாயின், உங்கள் 25 வாட் கோல் அப்போது 17 வாட் கோலே ஆகும். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அத்தகைய ஊரில் இருப்போர் 35 வாட் அளவுள்ள கோலை வாங்குவது நன்று.

இனி முனை. பணத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் துணிபு. மிக மலிவான கோல்களில் முனை வெறுஞ் செம்பால் ஆனது. செம்பு வெப்பத்தை நன்கு கடத்தும். ஆனால் உருகிய வெள்ளீயத்தில் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். சில நாள்களில் முனையில் குழி விழும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். சற்று உயர்ந்த முனைகளில் செம்பின்மீது இரும்புப் பூச்சு இருக்கும். இரும்பு எளிதில் கரையாததால் அம்முனை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மீது அரமோ உப்புத்தாளோ பட்டால் பூச்சு போய்விடும், முனையும் போய்விடும். முன்னதற்கு மருந்தாக இருப்பது பின்னதற்கு நஞ்சு. வாங்கும்போதே இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முனையின் வடிவத்திலும் ஒரு மயக்கம் உண்டு. சிறிய வேலைக்கு ஊசி போன்ற முனைதான் வேண்டும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஊசி முனை ஒரு புள்ளியில்தான் தொடும். அவ்வழியே வெப்பம் மிகக் குறைவாகவே பாயும். இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளி வடிவ முனை பலகையையும் காலையும் ஒருங்கே தழுவும். ஒரே முனைதான் வாங்க முடியும் என்றால் உளி முனையையே வாங்குங்கள். அம்முனை பின்னாளில் தனியாகக் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். ஜப்பானின் ஹக்கோ நிறுவனம் வகுத்த 900எம் என்னும் முனை வடிவத்தைப் பலர் பின்பற்றிச் செய்கின்றனர். அவ்வகையில் கோல் இருந்தால் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் மாற்று முனை தேடி அலைய வேண்டுவதில்லை.

கைப்பிடியில் திருகி உள்ள கோல்கள் இன்று மலிவாக வந்துள்ளன. 200 முதல் 450 வரை எண்கள் எழுதியிருக்கும். இவற்றில் இரு வகை உண்டு. ஒரு வகையில் திருகி, மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பது போல, மின்னோட்டத்தைக் குறைப்பதோடு சரி. முனையின் சூட்டை அது அறியாது. மற்றொரு வகையில் முனைக்கு அருகே வெப்ப உணரி இருக்கும். முனை குளிர்ந்ததும் மின்சாரம் மிகுந்து பாயும், சூடேறியதும் நின்றுவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. குறித்த சூட்டை அடைந்தபின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், பெரும்பாலும் அது உணரி உள்ளது. கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் செருகிப் பார்த்து வாங்குங்கள். முதல் வகைக்கு மிகுதியாகப் பணம் தருவதைவிட, திருகியே இல்லாத நல்ல 25 வாட் கோலை வாங்குவது மேல். இரண்டாம் வகை கையில் உள்ள பணத்துக்கு எட்டுமாயின் தயங்க வேண்டா. அடுப்பின் தீயைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் அதனுள்ளேயே இருக்கிறார் என்று கொள்ளலாம்.

விலையைக் குறைக்க எண்ணிப் பலர் விட்டுவிடுவது நிலத்தொடர்பை. இரு முள் செருகியுள்ள கோல்களில் முனைக்கும் மின்சாரத்துக்கும் இடையே அப்பிரகம் போன்ற ஒரு காப்பு மட்டுமே உள்ளது. அது விரிசல் கண்டால், முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலகை வழியே மின்சாரம் உங்கள் கைக்கே வரும். காப்பு நன்றாக இருந்தாலும் சிறிதளவு மின்னழுத்தம் முனையில் கசிந்து நிற்கும். மாஸ்பெட் போன்ற மெல்லிய உறுப்புகள் அதற்கே பலியாகலாம். மூன்று முள் செருகியுள்ள கோலில் தடித்த முள் முனையோடு இணைந்திருக்கும். செருகாத நிலையில் மல்ட்டிமீட்டரால் அளந்தால், தடித்த முள்ளுக்கும் முனைக்கும் இடையே ஓரிரு ஓம்தான் காட்ட வேண்டும். மற்ற இரு முள்களுக்கும் முனைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும். செய்ய விடமாட்டேன் என்னும் கடையில் வாங்க வேண்டா. வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாம் துளைக்கு உண்மையிலேயே நிலத்தொடர்பு உள்ளதா என்பதை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டா. மடிக்கணினியின் சார்ஜரில் இயங்கும் பேனா போன்ற கோல்களும் இப்போது உள்ளன. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதால் அவை அச்சமற்றவை, விரைந்து சூடாவன. விலை மட்டும் சற்றுக் கூடுதல்.

கோலுக்குச் சுருக்கினாலும் பற்றாசில் சுருக்காதீர்கள். நடுவே ரோசின் என்னும் பைன் மரப் பிசின் நிறைந்த, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த, 63க்கு 37 அல்லது 60க்கு 40 என்று தெளிவாக எழுதிய கம்பியையே வாங்குங்கள். அந்தப் பிசின்தான் இளக்கி. உலோகத்தின்மீது படிந்த களிம்பைக் கரைத்து, பற்றாசு பரவ வழி செய்வது அதுவே. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைத் தூவுவதைக் கண்டிருப்பீர்கள். பாத்திரத்துக்கு அது பொருந்தும். மின்சுற்றிலோ அத்தகைய உப்புகள் எஞ்சி நின்று, ஈரக் காற்றில் செம்பை அரித்துவிடும்.

எழும் புகை காரீயத்தின் ஆவி அன்று, பிசினின் புகையே. ஆயினும் அது மூச்சுக்குழலை உறுத்தும். இழுப்பு நோய் உள்ளவர்க்குத் தீது. சன்னலருகே அமர்ந்து, புகை முகத்துக்கு வராதபடி வேலை செய்யுங்கள். காரீயம் உடலுள் செல்வது கைவிரல் வழியாகவே. வேலை முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவாமல் உண்ணாதீர்கள். பற்றாசுக் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிக்காதீர்கள்.

புதுக் கோலை முதன்முறை செருகும்போது கையில் பற்றாசுக் கம்பியை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். முனை உருக்கும் சூட்டை அடைந்த உடனே அதன்மீது பற்றாசைத் தடவி, முனை முழுதும் வெள்ளிபோல் மின்னச் செய்யுங்கள். வெறும் முனையை நெடுநேரம் காயவிட்டால் கரும்படலம் படிந்து, பிறகு பற்றாசு அதில் உருண்டு விழுமேயன்றி ஒட்டாது. வேலை நடுவில் நனைந்து பிழிந்த பஞ்சில் அவ்வப்போது துடைக்கலாம். நிறுத்தும்போது மட்டும் துடைக்காமல், புதிதாகச் சிறிது பற்றாசைப் பூசி, அப்படியே ஆறவிடுங்கள்.