பெயரைத் திருடும் கள்வர்

முதுமையால் கண்பார்வை மங்கிய ஈசாக்கின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மூத்தவன் ஏசாவுக்கு உரிய ஆசியைப் பெறுவதற்காக, இளையவன் யாக்கோபு அண்ணனின் ஆடையை உடுத்தி, கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு தந்தையின்முன் வந்து நின்றான். குரலைக் கேட்டதும் ஈசாக்குக்கு ஐயம் எழத்தான் செய்தது. ஆயினும் கைகளைத் தடவிப் பார்த்தார், ஆடையின் மணத்தை முகர்ந்தார், ஐயத்தைக் கைவிட்டார். இறைத்திட்டத்தில் யாக்கோபுக்கு இருந்த இடம் வேறு செய்தி. எழுந்த ஐயத்தை ஈசாக்கு ஏன் கைவிட்டார் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது. அறிந்தவரின் ஆடையில் வருபவரை நம் மனம் எளிதில் நம்பிவிடுகிறது.

இக்காலத்தில் மின்னஞ்சல் கணக்கும் அத்தகைய ஓர் ஆடையே. அதைத் திருடி அணிந்துகொண்டு, நம் பெயரால் நம் உற்றார் உறவினரிடம் பணம் கேட்கும் கள்வர் பெருகியுள்ளனர். அவர்கள் செய்வது என்ன, அதைத் தடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய சூழ்ச்சி, புதிய வழி

கடிதத்தின் மூலம் ஏமாற்றுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'ஸ்பானியக் கைதி' என்னும் மோசடிக் கடிதங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உலவின. செல்வந்தர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடுவதாகவும், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் பன்மடங்கு திரும்பக் கிடைக்கும் என்றும் அவை கூறின. ஆனால் அக்கடிதங்கள் முன்பின் அறியாதவர் பெயரில் வந்தன. ஐயப்படுவதற்கு அங்கே இடம் இருந்தது.

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், வலையமைப்பின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். இதில் ஒன்றை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். அஞ்சல் கணக்கு கடவுச்சொல்லை மட்டுமே கேட்கிறது. அதைச் சொல்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரையே வீட்டுக்காரராக ஏற்றுக்கொள்ளும் பூட்டு அது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவரின் கணக்கு கள்வர் கையில் சிக்கியதாக வைத்துக்கொள்வோம். அவருடைய முகவரிப் பட்டியலில் முன்னாள் மாணவியர் இருநூறு பேர் இருக்கின்றனர். ஒரே இரவில் அந்த இருநூறு பேருக்கும் ஒரு கடிதம் போகிறது: 'கருத்தரங்குக்காக வெளிநாடு வந்தேன், கைப்பை தொலைந்துவிட்டது, விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும், ஊர் திரும்பியதும் தந்துவிடுகிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம்.' தமக்கு எழுத்தறிவித்தவர் தவிப்பதாக எண்ணி ஒருவர் இரங்கிப் பணம் அனுப்பினாலும் கள்வருக்கு அது வெற்றியே. அவர் திருடியது கணிப்பொறிக்குள் இருக்கும் ஒரு பொருளை அன்று. அச்சகோதரி ஆண்டாண்டு காலமாகத் தேடிவைத்த நன்மதிப்பை.

சில வேளைகளில் கணக்கைத் திருடாமலேயே, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலி முகவரி அமைத்தும் எழுதுவர். பங்குத்தந்தையர், போதகர் ஆகியோரின் பெயரால் வழிபடுவோரிடம் 'கிஃப்ட் கார்டு' வாங்கி அனுப்பச் சொல்லும் மோசடி குறித்து, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019-இல் எச்சரிக்கை விடுத்தது. கோயிலையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை.

சாவி கைமாறும் வழிகள்

கடவுச்சொல் பறிபோகும் வழிகளுள் முதன்மையானது போலிப் பக்கம். 'உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை இடுக' என்று ஒரு செய்தி வரும். அழுத்தினால் உண்மையான பக்கத்தைப் போலவே ஒன்று திறக்கும். அதில் இட்ட சொல் நேரே கள்வரிடம் போய்ச் சேரும்.

இரண்டாவது, எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைப்பது. 2013-இல் யாஹூ நிறுவனத்தின் ஏறத்தாழ 300 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. அது முழுமையாக வெளிவந்தது 2017-இல்தான். ஓரிடத்தில் களவு போன சொல்லைக் கொண்டு மற்ற இடங்களின் கதவுகளையும் கள்வர் திறந்து பார்ப்பர்.

மூன்றாவது நம் ஊர்களில் பரவலாகக் காணப்படுவது. கல்லூரி விண்ணப்பத்துக்கும் உதவித்தொகைக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். அங்குள்ளவரே நமக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் தாமே வைத்து, ஒரு தாளில் எழுதித் தருகிறார். வீடு திரும்பியதும் நாம் அதை மாற்றுவதில்லை. சில வேளைகளில் கணக்கை மூடாமலேயே எழுந்து வந்துவிடுகிறோம். அடுத்து வந்து அமர்பவருக்கு அது திறந்த வீடு.

நான்காவது ஓ.டி.பி. தொலைபேசியில் யார் கேட்டாலும், வங்கியிலிருந்து என்றாலும் காவல்துறையிலிருந்து என்றாலும், அந்த எண்ணைச் சொல்லலாகாது.

இந்த ஒரு கணக்கு போனால் என்ன என்று எண்ண வேண்டாம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்தால், அதை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருகிறது. ஆகவே அது ஒரு சாவியன்று, சாவிக்கொத்து.

கணக்கு பறிபோனால்

பதற்றம் வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்தல் நலம்.

1. நம்பகமான வேறொரு கணிப்பொறியிலோ தொலைபேசியிலோ கடவுச்சொல்லை உடனே மாற்றுக. உள்ளே நுழைய முடியாவிட்டால், அந்நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலுள்ள கணக்கு மீட்கும் வழியை நாடுக. 'பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்' என்போரை நம்பலாகாது.

2. எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுக. மீட்புக்கென்று கொடுத்த தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் நம்முடையவைதாமா என்று பார்க்க. அப்பா வெளிநாட்டில் வைத்திருந்த பழைய எண் அங்கே இருந்தால் மாற்றிவிடுக. கைவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரலாம்.

3. அமைப்புகள் பகுதியைத் திறந்து நோக்குக. நமக்கு வரும் கடிதங்களின் படி தமக்கும் வந்து சேருமாறு கள்வர் ஓர் இரகசிய வாய்க்காலை வெட்டியிருக்கக்கூடும். 'இது நீங்கள்தானா?' என்று கேட்டு நண்பர்கள் எழுதும் பதில்கள் நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும்படியும் செய்திருக்கக்கூடும். இவற்றை நீக்காவிடில் கடவுச்சொல்லை மாற்றியும் முழுப் பயன் இல்லை.

4. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவைக்க. கடவுச்சொல்லுக்குப் பின் நம் தொலைபேசியிலும் ஓர் ஒப்புதல் தேவைப்படும். கதவுக்குப் பூட்டுடன் தாழ்ப்பாளும் சேர்ந்தாற்போல.

5. வங்கி முதலிய மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் தனித்தனியே மாற்றுக.

6. பட்டியலில் உள்ள எல்லாருக்கும் செய்தி சொல்லுக. இளகிய மனத்தினரான முதியோருக்கு முதலில் தொலைபேசியில் சொல்லுக. 'என் பெயரில் வந்த கடிதம் என்னுடையதன்று; பணம் அனுப்ப வேண்டாம்' என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

யாரேனும் பணம் இழந்திருந்தால், காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிட வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால், கள்வர் எடுப்பதற்குமுன் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. மோசடிக் கடிதத்தை அழித்துவிடாமல் சான்றாக வைத்திருத்தல் வேண்டும். பிறர் கடவுச்சொல்லைக் களவாகப் பயன்படுத்துவதும், கணிப்பொறி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றங்களாகும்.

கடிதம் நமக்கு வந்தால்

அவசரம், இரகசியம், பணம் ஆகிய மூன்றும் ஒரே கடிதத்தில் கூடி வந்தால் ஐயப்படுவதே அறிவுடைமை. அக்கடிதத்துக்கே பதில் எழுதிக் கேட்பதில் பயனில்லை. பதில் தருபவரும் கள்வராகவே இருப்பார். நாம் முன்னமே குறித்துவைத்துள்ள எண்ணில் நாமே அழைத்துப் பேச வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரலையும் போலியாகச் செய்கின்றனர். எனவே நம்மைத் தேடிவந்த அழைப்பில் கேட்ட குரலை மட்டும் நம்பிப் பணம் அனுப்பலாகாது. கேட்டுத் தெரிந்துகொள்வது இரக்கமின்மை ஆகாது. உண்மையிலேயே துன்பத்தில் இருப்பவர் நம் அழைப்பைக் கண்டு மகிழவே செய்வார்.

மௌனமே கள்வருக்குத் துணை

இவை யாவற்றையும் அறிந்த பின்னும் ஒரு தடை எஞ்சி நிற்கிறது. அது வெட்கம். கணக்கு பறிபோன மாணவி பல வேளைகளில் வாய் திறப்பதில்லை. அம்மா திட்டுவார்கள், அப்பா தொலைபேசியைப் பறித்துக்கொள்வார், சிஸ்டருக்குத் தெரிந்தால் பள்ளி முழுவதும் தெரியும் என்று அஞ்சுகிறாள். அவள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வருக்குக் கிடைத்த ஒரு மணி நேரம். அத்தை ஒருத்தியோ பாட்டி ஒருத்தியோ அந்த நேரத்தில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் வந்து சொன்னால், 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று தொடங்காமல், 'நல்லது, உடனே சொன்னாய். வா, சரிசெய்வோம்' என்று தொடங்குங்கள். பழியைப் பங்கிடும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் திருடன் புகுந்தால் கூவியழைத்த பிள்ளையை யாரும் அடிப்பதில்லை அன்றோ?

மாணவியரே, நம் பெயர் நம் பெற்றோர் இட்டது. திருமுழுக்கின்போது பலர்முன் சொல்லி அழைக்கப்பட்டது. அதை நம்பிக் கதவைத் திறப்போர் பலர் இருக்கின்றனர். அப்பெயரைக் களவு கொடுத்துவிட்டால் அது குற்றமன்று, இடர். தெரிந்தும் வாளாவிருத்தலே தவறு. இன்று மாலையே நம் கடவுச்சொல்லை மாற்றுவோம், இரண்டாம் தாழ்ப்பாளை இடுவோம், தொலைபேசியில் 1930 என்ற எண்ணைக் குறித்துவைப்போம். துன்பம் நேர்ந்தால் அஞ்சாது வாய் திறப்போம். நம்பிக்கைக்குரியோராய் வாழ இறைவன் நமக்கு அருள்வாராக!