ஓடும்போது உருவாதீங்க!

ஜெர்மனிக்குப் படிக்க வந்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா பொழுதுபோக்கு ரெண்டுதான். ஒண்ணு தூக்கம், இன்னொண்ணு பழைய சாமான் சந்தை. அந்தச் சந்தைகள்ல இன்னமும் தலைகாட்டுற ஒரு ஐட்டம் கம்மோடோர் 64. 1982ல வந்த மிஷின். பார்க்க தடிமனான கீபோர்டு மாதிரி இருக்கும், முழு கம்ப்யூட்டரும் அதுக்குள்ளதான். பின்பக்கம் இருக்கற ஸ்லாட்ல கேம் கார்ட்ரிட்ஜைச் சொருகணும். நம்ம ஊர்ல 90கள்ல டிவி கேமுக்கு 'கேசட்'னு சொருகினோமே, அதே ஜாதி.

அந்த கேசட்டை கேம் ஓடும்போதே உருவி, அடுத்ததைச் சொருகின புண்ணியவான்கள் இங்க நிறைய பேர் இருப்பீங்க :-) "ஒண்ணும் ஆகலியே"ன்னு கேக்கறீங்களா? அங்கதான் மக்களே மேட்டரே இருக்கு.

கார்ட்ரிட்ஜ்ங்கறது சிடி மாதிரி தனியா உக்காந்து தகவல் குடுக்கற பொருள் இல்ல. சொருகினதும் அது கம்ப்யூட்டரோட மெமரியில ஒரு பகுதியாவே ஆயிடும். கம்மோடோர் ஸ்லாட்ல மொத்தம் 44 பின். ப்ராசசரோட அட்ரஸ் லைன், டேட்டா லைன் எல்லாம் நேரா அங்க வந்து நிக்குது. நடுவுல காவலுக்கு யாரும் இல்ல. ப்ராசசர் வினாடிக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் துடிப்புல ஓடுது. உருவறதுக்கு அரை வினாடி ஆச்சுன்னா, அதுக்குள்ள 5 லட்சம் துடிப்பு போயிடும். அத்தனைக்கும் அது படிக்கறது குப்பை.

இதுல மூணு விதமா அடி விழலாம்.

முதல் வகை, திரை உறைஞ்சு போறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும், நஷ்டமில்ல.

ரெண்டாவது, பேட்டரி வெச்சு கேமை சேமிக்கற கார்ட்ரிட்ஜ்கள்ல வர்றது. உருவற நேரத்துல தப்பான சிக்னல் போய், சேமிச்சதெல்லாம் அழிஞ்சு போகலாம்.

மூணாவதுதான் பயங்கரம். ஸ்லாட்ல முதல் பின் கிரவுண்ட். அதுக்கு அடுத்த ரெண்டுமே 5 வோல்ட். கார்ட்ரிட்ஜ் கோணலா நுழைஞ்சு பக்கத்து பின்னோட உரசினா ஷார்ட்தான். 5 வோல்ட் நம்ம கைய ஒண்ணும் பண்ணாது, ஆனா சிப்பைக் கொன்னுடும். போதாததுக்கு இங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட ரூம்ல கதவுப் பிடியைத் தொட்டாலே 'சுரீர்'னு அடிக்கும். அந்த ஸ்டாட்டிக் மின்சாரமும் விரல் வழியா உள்ள இறங்கலாம்.

எந்த பின் முதல்ல தொடும்ங்கறது அன்னிக்கு உங்க கை கோணத்தைப் பொறுத்தது. அதனால பத்து தடவை தப்பிச்சது பதினோராவது தடவைக்கு கேரண்டி ஆகாது. பென் டிரைவை மட்டும் எப்படி ஓடும்போதே சொருகறோம்னு கேக்கலாம். யூஎஸ்பி பிளக்குல கரண்ட் போற பின்கள் டேட்டா பின்களை விட நீளம். கரண்ட்தான் முதல்ல தொடும், கடைசியா விடும். அதுக்குன்னே யோசிச்சு செஞ்சது அது.

அந்தக் காலத்துலயும் யோசிச்சவங்க இருந்தாங்க. 1979ல வந்த அடாரி 800ல ஸ்லாட்டுக்கு மேல ஒரு மூடி. மூடியத் திறந்தாலே கரண்ட் கட்! கம்மோடோர்ல அப்படி மூடி எதுவும் இல்ல. ஆஃப் பண்ணிட்டு சொருகுங்கன்னு மேனுவல்ல எழுதினதோட சரி.

தெரிஞ்சே இதைச் செஞ்சவங்களும் உண்டு. ஆன் பண்ணும்போது கார்ட்ரிட்ஜ் உள்ள இருந்தா கேம் தானா ஓட ஆரம்பிச்சுடும். ஆன் பண்ணின அப்புறம் சொருகினா ஓடாது. உள்ள இருக்கறதைப் படிச்சு காப்பி அடிச்சுக்கலாம். இப்ப அதுக்குன்னு தனி கருவிகள் இருக்கு, அந்த ரிஸ்க் தேவையே இல்ல.

அப்ப சிப் போனா இன்னொண்ணு வாங்கிடலாம். கம்மோடோர் கம்பெனி 1994லயே திவால். அதோட சவுண்ட் சிப், ஒரிஜினல், இனி தயாராகப் போறதில்ல. வேணும்னா இன்னொரு மிஷினைப் பலி குடுக்கணும், இல்லேன்னா புதுசா செஞ்ச மாத்து சிப்பைப் போட்டு சமாளிக்கணும். ஒவ்வொரு தடவை ஒரு சிப் எரியும்போதும் உலகத்துல ஒண்ணு குறையுது.

அதனால யார் வீட்டுப் பரண்லயாவது இப்படி ஒண்ணு கிடைச்சா, ஆஃப் பண்ணுங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. ஏதாவது இரும்புச் சாமானைத் தொட்டுட்டு, நேரா சொருகுங்க. அப்புறம் ஆன் பண்ணி ஆசை தீர விளையாடுங்க :-)