விடை தெரியாத கேள்வி

பேனாவைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று ஆசிரியர் கேட்கிறார். "திஸ் இஸ் எ பென்" என்று ஐம்பது குரல்கள் கூரையை அதிரவைக்கின்றன. கேட்டவருக்கும் விடை தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். தமிழில் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டால் அவரை ஏற இறங்கப் பார்ப்போம். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் வெளிநாட்டுக்காரர் வழி கேட்டதும் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டிவிட்டு நழுவுகிறது. அந்த நழுவல் இந்தப் பேனாவில்தான் தொடங்குகிறது.

இதற்கு மாற்றை நம் பக்கத்துப் பள்ளிகளிலேயே சோதித்துப் பார்த்தவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபடி, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய முயற்சிக்கு 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பெயர். இன்று நிகழ்காலம், நாளை இறந்தகாலம் என்ற இலக்கண வரிசையை அவர் ஓரமாக வைத்துவிட்டார். ஊர் வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டி தோதுப்படும் என்று கேட்டார். மனம் விடையைத் தேடும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை ஓர் இடைவெளி: ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லை, அல்லது இருக்கும் தகவலை வைத்து யோசித்து ஒரு முடிவுக்கு வரவேண்டும், அல்லது ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

தஞ்சாவூருக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு மாணவி கையில் கும்பகோணம் போகும் ரயில்களின் நேரம். இன்னொருத்தி கையில் கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இப்போது "வாட் டைம்?" என்ற கேள்விக்கு உயிர் வந்துவிடும். அரை நாள் மட்டுமே கையில் உள்ள விருந்தாளிக்குப் பெரிய கோயிலைக் காட்டுவதா, அரண்மனையையும் சரஸ்வதி மகால் நூலகத்தையும் காட்டுவதா என்று கேட்டால் சண்டையே வரும். வரட்டும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பிரபுவுக்குக் குழு வேலையில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் ஒருவர் பேசும் தப்பு ஆங்கிலத்தை மற்றவர் கேட்டு, அதுவே கெட்டிப்பட்டுவிடும் என்று அஞ்சினார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. நாற்பது நிமிட வகுப்பில் ஐம்பது பேர் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் தலைக்கு 48 விநாடி. நான்கு நான்கு பேராகப் பிரித்தால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு வாய்கள் பேசும். தப்பை ஆசிரியர் கடைசியில் பொதுவாக எடுத்துச் சொல்லலாம். பேசாத வாயை என்ன செய்து திருத்துவது?

வட்டமாக உட்காருவது மட்டும் குழு வேலை ஆகாது. 2007-ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோதே நம் தொடக்கப் பள்ளிகள் வட்டத்துக்குப் பழகிவிட்டன. ஆனால் நன்றாகப் படிக்கும் ஒரு பெண் எழுத, மூன்று பேர் அதைப் பார்த்து எழுதுவதை எந்த வட்டத்திலும் காணலாம். இதற்கு ஒரு வழி, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் செய்த 'ஜிக்சா' முறை. வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது மூண்ட பகையைத் தணிக்க அவர் கண்ட உத்தி அது. மொழிக்கும் அது பொருந்துகிறது.

பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். நால்வருக்கு நான்கு தாள்: ராஜராஜனும் 1010-ம் ஆண்டும், சுமார் 216 அடி விமானம், பிற்காலத்தில் வந்த நந்தி, நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியம். ஒரே தாள் கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடி அதைப் புரிந்துகொள்கிறார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்கிறார்கள். நால்வர் சொன்னதையும் சேர்த்துத்தான், ஊருக்குப் புதியவருக்கான பத்து நிமிட உலாவை ஆங்கிலத்தில் தயாரிக்க முடியும். யாரும் சும்மா இருக்க வழியில்லை. திட்டமிடும்போது தமிழ் வந்தால் வரட்டும் என்பேன். எல்லார் முன்னும் சொல்லும்போது ஆங்கிலம் இருந்தால் போதும்.

நிஜமான வேலை என்று சொல்லிக்கொண்டு மார்க்கெட்டில் கத்தரிக்காயை ஆங்கிலத்தில் விலை பேசச் சொல்வது நாடகம். காவிரி டெல்டாவில் ஆங்கிலம் வீட்டுக்குள் வரும் வழி வேறு. பூச்சிமருந்து டப்பாவில் உள்ள ஆங்கில எச்சரிக்கையைப் படித்து, சிவப்பு முக்கோணத்துக்கும் பச்சை முக்கோணத்துக்கும் நஞ்சில் என்ன வித்தியாசம் என்று அப்பாவுக்குத் தமிழில் சொல்கிற பிள்ளை செய்வதுதான் நிஜமான ஆங்கில வேலை. (காலி டப்பாவை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள், லேபிளைப் படம் எடுத்து வந்தால் போதும்.)

இன்னொன்று: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லப்படுகிறதே, அது உண்மையா? பிள்ளைகளை ஒரு மாலை அனுப்பி, பார்த்ததை ஆங்கிலத்தில் வாதாடச் சொல்லுங்கள். நிழல் விழத்தான் செய்கிறது.