மலையின் கைகள் – 9: உண்ணிச்செடி யானைகள்

சென்ற வாரம் நீலகிரிக் கோத்தர்களின் பட்டறையில் நின்றிருந்தோம். கொல்லு, தச்சு, பானை என எல்லா வேலையையும் கோக்கால் எனப்படும் தங்கள் ஊருக்குள்ளேயே வைத்திருந்து, தோடருக்கும் படகருக்கும் வேண்டிய பொருள்களைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். இந்த வாரம் ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்குவோம்.

கூடலூரில் காடு எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது என்று யானைக்குத் தெரியாது. பக்கத்து முதுமலைக் காட்டுக்குள் போனால் திரும்பிய பக்கமெல்லாம் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. பூ அழகாக இருக்கிறதென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இது பரவியிருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உண்ணி அடைத்த இடத்தில் புல் எழும்பாது. மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் போயிற்று.

அந்தச் செடியின் தண்டுகளில்தான் இங்கே யானை செய்கிறார்கள். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிற, நிஜ அளவு யானை. 'தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்' என்ற அமைப்பில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் சுமார் 200 பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

வெட்டி வந்த தண்டைக் கொதிநீரில் வேகவைக்கிறார்கள். வெந்தால்தான் பட்டை உரியும். தண்டும் சொன்னபடி வளையும். பிறகு இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் ஒன்றையொன்று ஒட்டி வளைத்து ஆணி அடிக்கிறார்கள். நெற்றி மேட்டுக்கு ஒரு வளைவு, காது மடிப்புக்கு வேறொரு வளைவு. ஆறினால் தண்டு விறைத்துவிடும். எந்தத் தண்டு எங்கே போகும் என்பதைக் கை பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் அது வரும்.

மூங்கிலில் பழகிய கைகளுக்கு இந்த வேலை புதிதில்லை. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் மூங்கில் எடுக்க வழியில்லாமல் போன சோலிகர்கள், ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் துணையோடு உண்ணியில் நாற்காலியும் கூடையும் செய்யத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. பொருள் மாறினாலும் தொழில் பிழைத்துக்கொண்டது.

கூடலூர் யானைகளில் என்னை உருக்குவது வேறு. இவை பொதுவாக 'ஒரு யானை' கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அந்த வட்டாரத்தில் நடமாடும் ஓர் உயிர் யானை மாதிரி. இது கொம்பன், அது தந்தமில்லாத மக்னா, இது குட்டியோடு திரியும் தாய் என்று முதுகின் சரிவையும் காதின் ஓரத்தையும் கண்டே சொல்லக்கூடியவர்கள் செய்கிறார்கள். முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமின் பாகன்களில் பலர் இந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்தாம். தலைமுறையாக யானையோடு வாழ்ந்த அறிவு தண்டில் இறங்குகிறது. பயிற்சி வகுப்பில் சொல்லித்தர முடிகிற பாடமா இது?

2021இல் லண்டன் பூங்காக்களில் இந்த மந்தை நின்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் 100 யானைகள் இறங்கி, நியூயார்க், மயாமி என்று நாட்டைக் கடந்து, 2025இல் லாஸ் ஏஞ்சலீஸ் வரை போயின. பெருமைதான். ஆனால் பிள்ளைகள் இந்த வேலையைப் பிடிப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது, சொந்த ஊரில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் கூலிதான்.

தண்டை மட்டும் வெட்டினால் உண்ணி மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. அந்த வேலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் போகட்டும். நீலகிரியில் விடுதி நடத்துகிறவர்களே, அடுத்த முறை நாற்காலி வாங்கும்போது உண்ணி நாற்காலி கேளுங்கள்.

(தொடரும்)