மாற்றுச் சிறுநீரகமும் இல்லறமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள செட்டிபாளையம், கண்ணகை அம்மன் வழிபாட்டில் ஊறிய ஊர். வைகாசித் திங்களிலே கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தியால் அம்மனின் சினம் தணிப்பது இப்பகுதியின் மரபு. கணவனுக்காக நீதி கேட்டவளைத் தெய்வமெனக் கொண்ட மக்களிடையே, நோயுற்ற கணவனுக்காக மனைவி நேர்த்தி வைப்பது புதுமையன்று. ஆயின், மாற்றுச் சிறுநீரகம் பெற்று வீடு திரும்பியவரின் குடும்பத்தில் அந்த நேர்த்தி எவ்வாறு நிறைவேற வேண்டும் என்பது முன்னோர் எதிர்கொள்ளாத வினா.

இச்சிகிச்சையின் கதை 1954ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே தொடங்குகிறது எனலாம். ரிச்சர்ட் ஹெரிக் என்னும் 23 வயது இளைஞருக்கு, அவருடன் ஒரே கருவிற் பிறந்த இரட்டையரான ரொனால்டின் சிறுநீரகம் ஒன்றை வைத்தியர் ஜோசப் மறே குழுவினர் பொருத்தினர். நலமுள்ள ஒருவரின் உடலை மற்றொருவருக்காக அறுப்பது அறமாகுமா என்ற ஐயம் அன்று எழுந்தது. வைத்தியர்கள் மதகுருமாரிடமும் அறிவுரை கேட்டனர். இருவரும் ஒத்த இரட்டையர்தாமா என்பதை உறுதிசெய்யத் தோலொட்டிப் பார்த்ததோடு, காவல் நிலையத்தில் விரல் அடையாளங்களையும் ஒப்புநோக்கினர்.

சிகிச்சை வெற்றி பெற்றது. ரிச்சர்ட், தம்மைப் பராமரித்த தாதியான கிளேர் என்பவரையே மணந்தார், குழந்தைகளும் பிறந்தனர். எட்டு ஆண்டுகளின் பின், 1963இல், பழைய நோய் புதிய சிறுநீரகத்தையும் பற்றியமையால் அவர் மறைந்தார். தாதியாக இருந்து அந்நோயின் தன்மையை அறிந்தபின்பும் கிளேர் அம்மையார் அந்த மணத்துக்கு இசைந்தார் என்பது நினைக்கத்தக்கது. உறுப்பை ஈந்த ரொனால்டோ கணித ஆசிரியராகப் பணிபுரிந்து, 2010ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

ஒத்த இரட்டையரிடையே நிகழ்ந்ததை மற்றவர்க்கு அப்படியே பொருத்துதல் கூடாது. நம் உடல் அயலான எதையும் பகையெனக் கண்டு தாக்கும். கிருமியைக் கொல்லும் அதே படைதான் மாற்றுச் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அப்படையை அடக்க 1960களின் தொடக்கத்தில் அசதையோபிறின் பயன்பாட்டுக்கு வந்தது. நோர்வே நாட்டு மண்ணிற் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து எடுத்த சைக்குளோஸ்போரினை 1978இல் ரோய் கான் நோயாளர்க்கு அளித்தார். இன்று தக்கிரோலிமசு பெரிதும் வழங்கப்படுகிறது. புதிய சிறுநீரகம் தனக்குரியதன்று என்பதை உடல் பெரும்பாலும் மறப்பதே இல்லை. ஆகவே, 'அம்மன் கிருபையாற் சுகமாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்று எண்ணுவதே இங்குள்ள பெரிய ஆபத்து. நோவின்றி இருக்கும் நாளிலும் நிராகரிப்பு உள்ளே தொடங்கிவிடலாம். குருதிப் பரிசோதனைதான் அதை முதலிற் காட்டும்.

படையை அடக்கினால் கிருமிக்கு வாயில் திறக்கும். முதற் சில மாதங்களில் இந்த இடர் மிகுதி. கோயிற் சனநெரிசலை அக்காலத்தில் ஒதுக்குதல் நன்று. முள்ளுக்காவடியும் தீமிதிப்பும் உடலிற் புண் உண்டாக்குவன. சிறு புண்ணும் இவர்களுக்குச் சிறிதன்று. விரதமெனில், பன்னிரண்டு மணி நேரத்துக்கொரு முறை உட்கொள்ளும் மருந்து தவறலாகாது. நீரருந்தாத நோன்பு சிறுநீரகத்தையே வருத்தும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். வாவி நண்டும் இறாலும் நன்கு வெந்தால் அன்றி ஆகா. காய்ச்சாத பாலும் கூடாது. பம்பளிமாசுப் பழம் தக்கிரோலிமசின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும் என்பதைப் பலர் அறியார். பழந்தானே என்று அன்போடு கொடுப்பவர் தீங்கு செய்தவராவார்.

நேர்த்தியை வைத்தவர் மனைவியாயின், நிறைவேற்றுபவரும் அவராகலாமே! கணவன் வீட்டிலிருந்து விளக்கேற்ற, மனைவி கோயிலுக்குச் சென்று வரலாம். வைகாசி ஆண்டுதோறும் வரும். ஓராண்டு பொறுத்தால் அம்மன் சினப்பாள் என்று எண்ண இடமில்லை.

மட்டக்களப்பிலே மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வது வழக்கம். அதனால், நோயுற்றவர் கணவனெனில், மாமியாரும் மைத்துனிமாரும் சூழ்ந்த வீட்டிலேயே அவர் தேறுகிறார். உதவிக்குக் கைகள் பல என்பது நன்மை. பார்க்க வருவோரும் பலர் என்பது இடர். காய்ச்சல், இருமல் உள்ளோரை வாசலிலேயே நிறுத்த மனைவிக்குத் துணிவு வேண்டும். உறவினர் மனம் கோணுவர், கோணட்டும். மருந்தின் விளைவாகச் சிலருக்கு முகம் பருத்தலும், கை நடுங்குதலும், சினம் மிகுதலும் உண்டு. அச்சினத்தை மருந்தின் சினமென மனைவி அறிந்துகொண்டால், பாதிப் பிணக்கு எழாமலே போகும். உழைத்த கை ஓய்ந்திருப்பதால் கணவனுக்கு உண்டாகும் நாணமும் பேசித் தீர்க்கவேண்டியதே.

மனைவியே ஈந்தவராகவும் இருக்கலாம். குருதியுறவு இல்லாதவரின் உறுப்பு நிலைக்காது என்ற எண்ணம் முன்பு இருந்தது. 1995இல் தெரசாக்கி குழுவினர் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, வாழ்க்கைத்துணை அளித்த சிறுநீரகங்களில் 85 விழுக்காடு மூன்றாண்டுகளின் பின்னும் இயங்கின என்று காட்டினர். பெற்றோர் அளித்தவற்றில் அது 82, இறந்தோரிடம் பெற்றவற்றில் 70. ஆயினும், முன்பு கருவுற்ற மனைவி கணவனின் உறுப்பைப் பெறும்போது நிராகரிப்புக்கு வாய்ப்புக் கூடும். கணவன்வழி வந்த கூறுகளைக் குழந்தை மூலம் அவள் உடல் முன்பே அறிந்திருக்கக்கூடும் அல்லவா? ஈந்தவர் மனைவியாயின் அவரும் சத்திரசிகிச்சையிலிருந்து தேறுபவரே. அடுப்பங்கரையும் பாரம் சுமத்தலும் சில வாரங்கள் அவருக்கு விலக்கு. இவ்வேளையிலே கணவனைப் பேணும் கடமை முழுவதையும் அவர்மீது ஏற்றுவது முறையன்று.

குழந்தைப்பேறு பற்றியும் தம்பதியர் வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். சிறுநீரகம் பெற்ற பெண் குறைந்தது ஓராண்டு பொறுத்திருக்குமாறும், கருவுக்கு ஊறு செய்யும் மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுமாறும் அறிவுறுத்தப்படுகிறார். 1956இல் தம் இரட்டைச் சகோதரியிடம் சிறுநீரகம் பெற்ற ஈடித் ஹெல்ம் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1958இல் நலமாக ஒரு குழந்தையை ஈன்றார். அதன் பின்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்திருந்தார்.